காய்ச்சல் விட்ட அன்றுதான் என் மகன் துவண்டு விழுந்தான், ஏன் டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, எடை 24 கிலோ. போன மாதம் டெங்கு வந்தது. நான்கு நாள் நெருப்பாய்க் கொதித்த உடம்பு ஐந்தாம் நாள் காலையில் குளிர்ந்துவிட்டது. அப்பாடா என்று ரசம் சாதம் பிசைந்து ஊட்டினேன். மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான், மூன்று முறை வாந்தி எடுத்தான். சாயங்காலம் கைகால் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு நாள் ஐசியூவில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டபிறகு எப்படி மோசமானான்? ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்கிறார்கள், ஆனால் அவனுக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லையே? தட்டணுக்கள் (பிளேட்லெட்) 28,000-க்கு இறங்கியும் ஏற்றவில்லை என்று என் அண்ணன் அங்கே சண்டையே போட்டார். மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் வயிறு உப்பலாக இருக்கும்போதே டிரிப்ஸை நிறுத்திவிட்டார்கள், அது சரியா? 6 வயதில் ஏற்கெனவே ஒரு தடவை அவனுக்கு டெங்கு வந்திருக்கிறது. ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்றுதானே சொன்னார்கள்? எப்போது கிரிக்கெட் விளையாடலாம் என்று நச்சரிக்கிறான். நான் அன்று ரசம் சாதம் கொடுத்தது தப்பா?
– ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கடிதம் முழுக்க உங்களை அதுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது. ரசம் சாதத்தால் எதுவும் ஆகவில்லை. நீங்கள் ஊட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவனுடைய ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே கசியத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் அது தெரியாது. விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் அன்று சாயங்காலமே தூக்கிக்கொண்டு ஓடினீர்களே, அதனால்தான் இன்று கிரிக்கெட் கேட்டு நச்சரிக்கிறான்.

சரி, உடம்புக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

ஏடிஸ் கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு வைரஸ் தோலுக்குள் இறங்குகிறது. தோலில் காவல் வேலை பார்க்கும் அணுக்கள் சில உண்டு. புதிதாக எது நுழைந்தாலும் அதை விழுங்கி, அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுபோய் "இதோ திருடன்" என்று காட்டிக்கொடுப்பது அவற்றின் வேலை. டெங்கு வைரஸ் அந்தக் காவல்காரனுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. காவல்காரன் நிணநீர் முடிச்சுக்குப் போகும்போது வைரஸும் கூடவே போய், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் சுற்றும் ஒருவகை வெள்ளணுக்களையும் பிடித்துக்கொள்கிறது. கல்லீரலும் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்படுகின்றன. கடித்த நாளிலிருந்து 4 முதல் 10 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். எபோலா, கர்நாடகத்தில் குரங்குக் காய்ச்சல் என்று சொல்லும் கியாசனூர் காட்டு நோய் எல்லாம் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்ற இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. பரவும் வழி வேறு, வீரியம் வேறு. ஆனால் காவல்காரனைப் பிடித்து உள்ளே நுழைவது இந்தக் கூட்டத்துக்குப் பொதுவான தந்திரம்.

வைரஸ் ரத்தத்தில் நிறைந்ததும் உடம்பு விழித்துக்கொள்கிறது. எதிர்ப்பு அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. நெருப்பாய்க் கொதித்த காய்ச்சலும், கண்ணுக்குப் பின்னால் வலியும், எலும்பை முறிக்கிற மாதிரி உடம்பு வலியும் பெரும்பாலும் அந்த வேதிப்பொருட்களால் வருபவைதான். நான்காம் ஐந்தாம் நாளில் எதிர்ப்பு அணுக்களின் கை ஓங்குகிறது. வைரஸ் மளமளவென்று குறைகிறது, காய்ச்சலும் இறங்குகிறது. ஆகவே நீங்கள் 'அப்பாடா' என்றதில் பாதி உண்மை இருந்தது. வைரஸ் தோற்றுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சண்டையில் கொட்டிய சரக்கு முழுவதும் அந்த நேரத்தில் ரத்தக்குழாயின் உட்சுவரைத் தாக்கிக்கொண்டிருந்தது.

அந்த உட்சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயின் முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது. நம் ரத்தக்குழாய்களின் உள்பக்கம் ஒரே ஒரு அடுக்கு அணுக்களால் ஆனது. அதன்மேல், குளத்துப் படியில் பாசி படிந்திருப்பதுபோல, வழவழப்பான ஒரு சர்க்கரைப் பூச்சு இருக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குழாய்க்குள்ளேயே நிறுத்தி வைப்பதில் இந்த அடுக்குக்கும் பூச்சுக்கும் பெரிய பங்கு உண்டு. டெங்குவில் இரண்டும் இளகுகின்றன. உடம்பு சுரந்த வேதிப்பொருட்கள் ஒரு காரணம். வைரஸே வெளியிடும் ஒரு புரதம் இன்னொரு காரணம். அதன் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் நாட்களில் ரத்தம் எடுத்து 'என்எஸ்1 பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதே என்எஸ்1தான். வெகுகாலம் அதை நோயைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளமாக மட்டுமே பார்த்தோம். அதுவே குழாயின் உட்சுவரைக் கசியவைக்கிறது என்று 2015-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையில் விரிசல் இருக்காது, ஓட்டை இருக்காது, ஆனாலும் வெளிப்பக்கம் ஈரம் பூக்கிறது. தண்ணீர் மட்டும் வருகிறது, உள்ளே போட்ட வெட்டிவேர் உள்ளேயே கிடக்கிறது. டெங்குவில் ரத்தக்குழாய் இப்படித்தான் ஆகிறது. நீரும் அதோடு சில புரதங்களும் வெளியேறுகின்றன. அளவில் பெரிதான சிவப்பணுக்கள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லையே என்றீர்கள். கசிந்தது சிவப்பு இல்லாத பகுதி. அது வெளியேயும் வரவில்லை. நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் போய்த் தேங்கியது. அவன் வயிறு உப்பியது அதனால்தான். வயிற்று வலியும் வாந்தியும் கசிவு மும்முரமாகிவிட்டதைச் சொல்லும் எச்சரிக்கைகள்.

எவ்வளவு கசிந்திருக்கும்? நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தேன். அதில் பிசிவி என்று ஒரு வரி இருக்கிறது. நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்று அது சொல்லும். இரண்டாம் நாள் 36. ஐந்தாம் நாள் இரவு 45. இதை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 24 கிலோ பையனின் உடம்பில் சுமார் 1,800 மில்லி ரத்தம் ஓடும். அதில் 36 சதவீதம் என்றால் சிவப்பணுக்கள் 648 மில்லி. அவை எங்கேயும் போகவில்லை. அதே 648 மில்லி இப்போது 45 சதவீதமாக இருக்கிறது என்றால் மொத்த ரத்தம் 1,440 மில்லிதான் மிச்சம். அதாவது 360 மில்லி, ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, குழாயை விட்டுப் போய்விட்டது. தரையில் இவ்வளவு ரத்தம் சிந்தியிருந்தால் ஊரே கூடியிருக்கும். கசிவு அப்படிக் கண்ணில் படாது.

குழாயில் ரத்தம் குறைந்ததும் உடம்பு ஒரு முடிவு எடுக்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் போவதைக் காப்பாற்ற, கைகால்களுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்களைச் சுருக்குகிறது. கைகால் ஐஸ் மாதிரி ஆனது இதனால். சிறுநீர் குறைவதும் இதனால். பெற்றவர்களும் மருத்துவர்களும் ஏமாறும் இடமும் இதுதான். மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருப்பதால் பிள்ளை தெளிவாகப் பேசும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இரவு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து, காதில் போட்டிருந்த புதுக் கம்மலைக் காட்டி "எங்க அத்தை வாங்கித் தந்தாங்க" என்றாள். காய்ச்சல் இல்லை, பேச்சு நன்றாக இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சீட்டில் எழுதப் போனேன். பக்கத்தில் இருந்த மூத்த செவிலியர் ஒன்றும் சொல்லாமல் அவள் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டுக் காட்டினார். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஐந்து நொடி ஆகியும் வெளிறியே இருந்தது. மணிக்கட்டில் நாடியைத் தேட வேண்டியிருந்தது. ரத்த அழுத்தம் 90-க்கு 75. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20-க்குள் சுருங்கினாலே அது அதிர்ச்சி நிலை (ஷாக்), அதாவது உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போய்ச்சேராத நிலை. அந்தப் பெண் பிழைத்தாள். அன்றிலிருந்து டெங்குப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இந்த நிலையில் கவனிக்காமல் விட்டால்தான் நீங்கள் கேட்ட ரத்தக்கசிவு பெரிதாக வரும். நீண்ட நேரம் ரத்த ஓட்டம் கிடைக்காத குடலும் கல்லீரலும் கெடுகின்றன, ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது, உறையவைக்கும் பொருட்கள் தாறுமாறாகச் செலவழிந்து போகின்றன. அப்போது வயிற்றுக்குள் ரத்தம் கொட்டத் தொடங்கும். தோலில் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ஈறில் லேசான கசிவு போன்றவை முன்னாலேயே வரலாம். ஆனால் உயிருக்கு உலை வைக்கும் ரத்தப்போக்கு பெரும்பாலும் நீடித்த அதிர்ச்சியின் பின்னால் வருகிறது. உங்கள் மகனுக்கு அந்தக் கட்டம் வராமல் தடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் அந்தப் பெயர் ஏன்? 1953-54-இல் மணிலாவிலும் 1958-இல் பாங்காக்கிலும் குழந்தைகள் ரத்தப்போக்கோடும் அதிர்ச்சியோடும் கூட்டம்கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். பார்த்தவர்கள் கண்ணில் பட்டதை வைத்துப் பெயர் சூட்டினார்கள். நம் நாட்டில் 1963-இல் கொல்கத்தாவில் அதே மாதிரி வந்தது. ரத்தம் தெரிந்தால்தான் ஆபத்து என்று அந்தப் பெயர் பலரை நம்பவைத்துவிட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் புதிய வகைப்பாடு கொண்டுவந்து, எச்சரிக்கை அறிகுறி உள்ள டெங்கு, இல்லாத டெங்கு, தீவிர டெங்கு என்று பிரித்தது. எபோலாவுக்கும் இதே கதைதான். 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட அந்த நோயில் பெரும்பாலானவர்களுக்கு வெளியே ரத்தம் வரவில்லை. வாந்தியிலும் பேதியிலும் உடம்பின் நீர் வற்றியது பலருடைய நிலையை மோசமாக்கியது. இப்போது அதை எபோலா வைரஸ் நோய் என்றே சொல்கிறோம்.

அடுத்து தட்டணுக்கள். உங்கள் அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. டிவியில் எல்லாரும் அந்த எண்ணைத்தானே சொல்கிறார்கள்? டெங்குவில் எலும்பு மஜ்ஜை கொஞ்சநாள் உற்பத்தியைக் குறைக்கிறது, ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களும் அழிகின்றன, அதனால் எண்ணிக்கை இறங்குகிறது. ஏற்றினாலும் அவையும் பெரும்பாலும் அதே வேகத்தில் அழிந்துபோகும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தட்டணுக்கள் 20,000 அல்லது அதற்குக் கீழே போன, பெரிய ரத்தப்போக்கு இல்லாத 372 பெரியவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்றியவர்களுக்கு ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. ரத்தப்போக்கு இருந்தால் கதை வேறு. உங்கள் மகனுக்கு இல்லை. அவன் உயிரைக் காத்தது சரியான அளவில், மணிக்கு மணி பார்த்து ஏற்றிய உப்பு நீர். டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் நம் கையில் இல்லை. இருந்தும், நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் தீவிர டெங்குவிலும் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இறக்கிறார்கள். அதைச் சாதிப்பது இந்த உப்பு நீரும் கண்விழித்துப் பார்க்கும் மனிதர்களும்தான்.

டிரிப்ஸை நிறுத்தியது சரிதான். கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரைதான் நீடிக்கும். அப்புறம் குழாய்ச் சுவர் தானாகவே இறுகிக்கொள்கிறது. சுவர் கிழியாமல் இளகியிருந்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் சரியாகிறது. கசிந்து தேங்கிய நீர் திரும்ப ரத்தத்துக்குள் வரத் தொடங்கும். அந்த நேரத்தில் மேலே இருந்தும் டிரிப்ஸ் ஓடினால் நீர் மிகுந்துபோய் நுரையீரலில் சேர்ந்து மூச்சுத்திணறல் வந்துவிடும். அதிர்ச்சியிலிருந்து தப்பிய பிள்ளையை அதிகப்படியான டிரிப்ஸ் கொன்றுவிடக்கூடும் என்பதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். மூன்றாம் நாள் உப்பலாக இருந்த வயிறு அடுத்தடுத்த நாட்களில் வற்றியிருக்கும், அவன் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போயிருப்பான். உள்ளே வந்த நீர் அந்த வழியாகத்தான் வெளியேறியது.

இனி 6 வயதில் வந்த டெங்கு. ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்பது அம்மைக்குப் பொருந்தும், டெங்குவுக்குப் பொருந்தாது. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு எதிராக ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடும். அப்புறம் வேறொரு வகை வரும்போது பழைய எதிர்ப்புப் புரதங்கள் அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கின்றன, ஆனால் முடக்கும் அளவுக்குப் பிடி கிடைப்பதில்லை. காவல் அணுக்களோ இந்தப் புரதம் ஒட்டிய எதையும் ஆவலோடு உள்ளே இழுத்துக்கொள்ளும் பழக்கம் உடையவை. அப்படி வைரஸ் ஒட்டிய கையோடு சுலபமாக உள்ளே போய்விடுகிறது. பெருக்கம் கூடுகிறது, என்எஸ்1 கூடுகிறது, கசிவும் கூடுகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது, பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சலாக வந்துபோனது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது மூன்றரை லட்சத்தை நெருங்கும் அளவுக்கு நோயாளிகள், 158 மரணங்கள். தீவிரமானவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவர்கள். அதற்கு முன்பே 1960-களில் பாங்காக்கில் ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் இதைக் கவனித்திருந்தார். அங்கே அவரை யோசிக்கவைத்த இன்னொரு விஷயம், முதல்முறை டெங்கு வந்த கைக்குழந்தைகள் சிலருக்கும் அதிர்ச்சி வந்ததுதான். அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் பிறந்து சில மாதங்களில் பாதியாய்த் தேய்ந்திருக்கும் அல்லவா? அந்த அரைகுறை அளவு பிள்ளைக்குப் பாதுகாப்பாக இல்லாமல் வைரஸுக்கு வழியாகிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு நடுங்காதீர்கள். இரண்டாம் முறை டெங்கு வருபவர்களிலும் பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலாகவே வந்துபோகும். உங்கள் மகன் ஆபத்து அதிகமுள்ள இரண்டாம் தாக்குதலைத் தாண்டிவிட்டான். மூன்றாம் நான்காம் முறையில் இவ்வளவு தீவிரமாவது அரிது. ஆனாலும் அவனோ வீட்டில் வேறு யாருமோ காய்ச்சலில் படுத்தால், காய்ச்சல் இறங்கிய நேரத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து இரண்டு நாள் விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, குளிர்ந்த கைகால், ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகாதது, எரிச்சலோ தூக்கக் கலக்கமோ தெரிகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று தெரிந்தால்கூட, இரவானாலும் கிளம்புங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். புரூஃபன், ஆஸ்பிரின், வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டவே வேண்டாம். இளநீர், கஞ்சி, மோர், ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி.

நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச் சாறு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் யாராவது சொல்லியிருப்பார்கள். பப்பாளி இலை தட்டணுக்களைக் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அவன் உயிர் போய்வந்தது தட்டணுவால் இல்லை என்பதை மேலே பார்த்தோம். வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கசப்புச் சாற்றைப் புகட்டி இன்னும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிரிக்கெட் கேட்டானே. தட்டணுக்கள் பெரும்பாலும் காய்ச்சல் விட்ட ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். உங்கள் சீட்டில் கடைசியாக எடுத்தது 1,60,000 என்று இருக்கிறது, அது போதும். அசதி மட்டும் சில வாரம் இழுக்கும். இந்த வாரம் பந்து பிடிக்கட்டும், ஓட்டம் எடுக்காமல். களைப்பில்லாமல் பள்ளிக்கூடம் போய்வருகிற அளவுக்குத் தேறியதும் மட்டையைக் கையில் கொடுங்கள். விளையாடப் போவதற்கு முன்னால் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பழைய டயரையும் தேங்காய்ச் சிரட்டைகளையும் அவனையே எண்ணச் சொல்லி அப்புறப்படுத்துங்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு, அதனால் முழுக்கால் சட்டை போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் குழந்தைகள் நல மருத்துவர்